முன்னேறாத காலம்

பதினேழு பக்கம் ஒப்புதல் படிவம்.
மூன்றாம் பக்கத்தில் இருந்தது அந்தச் சொல்:
முடிவுப்புள்ளி.
கல்மண்டபம் டீக்கடையில்
வடை எண்ணெய் படாமல் மடித்து வைத்து
இரண்டு நாள் அதையே பார்த்தேன்.
முற்றுப்புள்ளி என்பதை
நயமாக எழுதியிருக்கிறார்களோ?

ரிஹானா சிரிக்கவில்லை.
ஆய்வுப் பிரிவில் அவளுக்குப் பாதி மேசை,
மீதி பாதியில் ரத்தக் குழாய்கள்.
"நீங்க முடியிற இடம் இல்லண்ணே.
மருந்து வேலை செய்யுதான்னு
நாங்க எதை வச்சு முடிவு பண்றோமோ
அது."

முதன்மைப் புள்ளி:
நோய் முன்னேறாமல் உயிரோடிருக்கும் காலம்.

முன்னேற்றம்.
சுவரில், கொடியில், மேடையில் கேட்ட சொல்.
மகளின் ரேங்க் கார்டில்
"நல்ல முன்னேற்றம்" என்று டீச்சர் எழுதிய அன்று
பிரியாணி வாங்கிப் போனேன்.
இப்போது என் எலும்புக்குள்
ஏதோ ஒன்று முன்னேறப் பார்க்கிறது.

இருபத்தாறு வருஷம் டிரெய்லர் ஓட்டியவன் நான்.
முதுகில் நாற்பதடிப் பெட்டி,
எண்ணூர் விரைவுச்சாலை, ஜீரோ கேட் வரிசை.
ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரி,
டயர் ஒரு சுற்று உருளாது.
கிளீனர் இறங்கிப் போய்
சோறு வாங்கி வந்து, தின்று, தூங்கி எழுந்தாலும்
எதிரே அதே லாரியின் அதே பின்புறம்.
நகராத வண்டியைப் பார்த்து நான் சொல்லாத
கெட்ட வார்த்தை ஒன்றும் பாக்கியில்லை.

இப்போது செபமாலை உருட்டுகிறேன்:
நகராதே.
அப்படியே நில்.

"அப்ப எவ்ளோ நாளு இருப்பேன்?"
அது வேறு புள்ளியாம். மொத்த உயிர்வாழ்வு.
தெரிய வருஷக்கணக்காகும்.
அதுவரை இது அதற்குப் பதிலி.

பதிலியை எனக்குத் தெரியும்.
காய்ச்சலில் நான் படுத்த நாட்களில்
என் வண்டியை எடுத்துப்போன பதிலி டிரைவர்கள்
அநேகமாகப் பத்திரமாகத்தான் சேர்த்தார்கள்.
ஒருவன் மட்டும் மணலியில்
டிவைடர் மேல் ஏற்றினான்.
"எல்லா தடவையும் சரியா சொல்லாதுண்ணே"
என்று அவளே ஒத்துக்கொண்டாள்.
அதற்காகத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மஜ்ஜை எடுத்த அன்று
மரியபுஷ்பமும் கூட வந்தாள்.
காசிமேட்டு ஏலத்தில் கூடை நெத்திலிக்குள்
கெட்டுப்போன ஒன்றை
மூக்காலேயே பிடிப்பவள்.
லட்சம் அணுக்களில் ஒன்று ஒளிந்திருந்தாலும்
மிஷின் காட்டிக்கொடுக்கும் என்றதும்
மிஷினுக்கு மரியாதை கொடுத்தாள்.
"ஒண்ணும் காட்டலன்னா
செத்துப்போச்சா, தூங்குதா?"
"மிஷின் கண்ணுல படலக்கா.
அவ்வளவுதான் சொல்ல முடியும்."

வியாசர்பாடி எத்திராஜுலு
ஊசி நாட்களில் என் பக்கத்து நாற்காலி.
நர்ஸம்மாவிடம் தெலுங்கில் கடன் கேட்பார்,
தமிழில் திருப்பித் தராமலிருப்பார்.
பதினோராவது மாதம் வரவில்லை.
போனும் எடுக்கவில்லை.

பேர் சொல்லிக் கேட்டால் பதில் வராது என்று தெரியும்.
"திடீர்னு வராமப் போறவங்கள
என்ன பண்ணுவீங்க?"
வேறு ஏதோ பழைய ஆய்வின் படத்தை
தாளின் பின்பக்கம் வரைந்தாள்.
படிபடியாக இறங்கும் கோடு.
யாருக்கோ நோய் நகர்ந்தால்,
யாரோ இறந்தால் ஒரு படி.
நடுநடுவே கோட்டின் மேல்
நகத்தால் கீறியதுபோல் சின்னச் சின்னக் கீறல்கள்.
"இவங்கதான். கடைசியாப் பாத்த நாள் வரைக்கும்
நல்லாயிருந்தாங்க. அதுக்கு மேல தெரியாது.
தெரிஞ்ச நாளை நாங்க வீணாக்கறதில்ல."

ஒரு கீறலை
எத்திராஜுலு என்று வைத்துக்கொண்டேன்.

கேள்வித்தாள் மாதாமாதம் வரும்.
மாடிப்படி ஏறச் சிரமமா?
இல்லை, கொஞ்சம், அதிகம், மிக அதிகம்.
ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடி எனக்கு.
எந்த மாடி வரைக்கும் என்று அவர்கள் கேட்பதில்லை.
"கொஞ்சம்" என்று குறித்துவிட்டு
ஓரத்தில் எழுதினேன்:
ரெண்டாவது மாடியில் நின்னு
கப்பல் பாத்துட்டு ஏறுறேன்.

பதினைந்தாம் மாதம். ரிசல்ட் வாங்கிக்கொண்டு
விரைவுச்சாலை ஓரமாக நடந்தே வந்தேன்.
வரிசை டோல்கேட் தாண்டி நிற்கிறது.
கேபினிலிருந்து ஒரு பையன் தலையை நீட்டி,
"அண்ணாத்த, முன்னாடி எதுனா நகருதா?"

"நகரலப்பா," என்றேன்.
"கொஞ்சம்கூட நகரல."

பல்லைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன் போல.
அவன் என் தாயை இழுத்துத் திட்டினான்.